எக்ஸ்ரேக்காரர் வீட்டு வாசல்

கீரமங்கலத்தில் அடுத்தவன் எலும்பு முறிந்தால் முகம் மலர்கிற ஒரே நல்ல மனிதர், எங்கள் எதிர்வீட்டு எக்ஸ்ரேக்காரர்தான். ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உரக்கடை வைத்திருந்து, அதை மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். அவருக்கு வேண்டியதெல்லாம் எக்ஸ்ரே பிலிம். அதில் பிளேடால் பூவும் கொடியும் வெட்டி, போர்டிகோ தரையில் படிய ஒட்டி, ஸ்பாஞ்சில் பெயிண்டைத் தொட்டு ஒற்றுவார். பிலிமை எடுத்தால் சிவப்புச் சிமெண்டில் வெள்ளைப் பூ இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெருவில் யாராவது வண்டியிலிருந்து விழுந்தால், சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார். "வலி எப்படி இருக்கு?" என்று வாய் கேட்கும், கண் தலையணைக்கு அடியில் தேடும். நான் மாடிப்படியில் வழுக்கி முழங்கையை உடைத்துக்கொண்டபோது, கட்டுப் பிரிப்பதற்குள் என் எக்ஸ்ரே அவர் வாசலில் தாமரையாகிவிட்டது. பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவா என்றார் டாக்டர். தாமரையையா பெயர்த்துக்கொண்டு போக முடியும்?

"இப்பல்லாம் எலும்ப வாட்ஸப்புல அனுப்பிடுறாங்க தம்பி. நாடு உருப்படுமா?" என்று ஒருநாள் மனம் நொந்து சொன்னார்.

பூ போட்டதும் குறுக்கே கயிறு கட்டி, 'பெயிண்ட் ஈரம்' என்று அட்டை தொங்கவிடுவார். அந்த ஈரம் லேசில் காயாது. சிலிண்டர் போட வருபவரானாலும் சொந்த மச்சானானாலும் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், அடுப்படிக்குள் நுழைய வேண்டியதுதான்.

"காஞ்சு ரெண்டு மாசமாச்சேண்ணே?"

"மேல காஞ்சிருக்கும். உள்ள காயணும்ல."

கேட் சத்தம் கேட்டால் போதும். எங்கே இருந்தாலும், யாரென்று பார்க்காமலே, "இங்கிட்டு வராதீங்க, கொல்லப்பக்கமாப் போங்க" என்று குரல் கொடுப்பார்.

அவருக்கு ஒரே மகள். தானாகப் பார்த்து ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். இவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். வருஷங்கள் ஓடின. பேத்தி பிறந்த செய்தி வந்ததும் மனசு இளகி, இவரே போன் செய்தார். பொங்கலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள் மகள்.

அன்றிலிருந்து மனிதர் தரையில்தான் குடியிருந்தார். பழைய பூக்களையெல்லாம் தேய்த்து எடுத்தார். மகளுக்கு மயில் என்றால் உயிராம். வாசல் நிறைய ஒரே மயில் போட வேண்டும், அதற்குப் பெரிய பிலிம் வேண்டும். புதுக்கோட்டைக்குப் போய், இல்லாத நெஞ்சுவலியைச் சொல்லி, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் சும்மா விடாமல் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

"மயிலுக்காக ஊறுகாய விட்டேன் தம்பி" என்றார்.

பொங்கலுக்கு முதல் நாள். தோகை ஓரத்தில் பெயிண்ட் கசிந்திருக்கிறது என்று காலையில் மறுபடி ஒற்றிவிட்டு, கொல்லையில் ஸ்பாஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவியான அண்ணி கடைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்ன மகள் காலையிலேயே காரில் வந்து இறங்கினாள். கைப்பிள்ளையோடு முதன்முதலாக வரும் மகளுக்கு ஆரத்தி எடுத்து, தலைவாசல் வழியாக அழைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கேட்டைத் திறந்தாள்.

"இங்கிட்டு வராதீங்க, கொல்லப்பக்கமாப் போங்க" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். "ஒன்னச் சொல்லலத்தா. யாரு வந்தாலும் அப்பா இப்படித்தான் சொல்லுவாரு."

"விடுங்க சித்தப்பா. எங்கப்பா கொரலு எனக்குத் தெரியாதா? இன்னமும் நான் வாசல் வழியா வரக் கூடாதவதான் போல."

பிள்ளையோடு காரில் ஏறிவிட்டாள்.

பேச்சுக் குரல் கேட்டு வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்தவர், திரும்புகிற காரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் ஈரத்தைப் பார்க்கவில்லை. மயிலின் ஈரத் தோகையை மிதித்து, கயிற்றை இழுத்து எறிந்துவிட்டு, "ஆத்தா, நில்லுத்தா" என்று தெருக்கோடி வரை ஓடினார். வேட்டியெல்லாம் பெயிண்ட். கார் போய்விட்டது.

அண்ணி போனில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். நானும் சொன்னேன். "சரி சித்தப்பா, பாப்போம்" என்கிறாள். அடுத்த பொங்கலும் வந்து போய்விட்டது. எலும்பு முறிந்தவர்களைப் பார்க்க அவர் இப்போது போவதில்லை. சிதைந்த மயிலைத் துடைத்துவிட்டால் புதிதாக ஏதாவது போட ஆரம்பிப்பார் என்று நினைத்து, போன வாரம் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவோடு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலடிய அழிச்சிராதீங்க தம்பி. அவ வந்தா பாக்கட்டும். அப்பன் ஓடியாந்தான்னு தெரியணும்ல."

டப்பாவை மூடிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை நாளும் இவரை எதிர்வீட்டுக்காரர் என்றுதான் சொல்லிவந்தேன். இனி யாராவது கேட்டால், என் அண்ணன் என்று சொல்வதாக இருக்கிறேன்.