ஒரு கவுன் உறையின் காலநிர்ணயம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருவழியாக எங்கள் ‘பழந்தையல் மாதிரித்தாள் காலநிர்ணய மைய’த்தை நிறுவியது. அதன் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மாதிரித்தாள் என்றால் என்னவென்று கேட்கும் அப்பாவிகளுக்காக: அது ஒரு காகித உறை. மேலே கவுன் போட்ட பெண்ணின் படம். உள்ளே கை, கழுத்து, இடுப்பு என்று தனித்தனியாக மெல்லிய தாள்கள். துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தி வெட்டித் தைத்தால் கவுன் வரும். பாமரர்கள் அப்படித்தான் செய்வார்கள். நாங்கள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. உறை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று மட்டும் கண்டுபிடிப்போம். பழைய சரக்கு என்று தெரிந்தால் விற்காது என்பதால் கம்பெனிகள் பெரும்பாலும் ஆண்டைப் போடவில்லை. எங்களுக்கு வேலை கொடுக்கத்தான் போடவில்லை என்பது எங்கள் தலைவரின் ஆய்வு முடிவு.

மையத்தின் சென்ற கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. என் அக்காவிடம் ஓர் உறையை இரவல் வாங்கி அதில் வைத்தேன்.

“பத்திரம்டா” என்றாள் அக்கா. “இவ கல்யாணத்துக்கு இதை வெச்சுத்தான் தைக்கணும்.”

‘இவ’ என்பது அவள் மகள். அக்கா தன் கல்யாணக் கவுனைத் தானே தைத்தாள். அந்தக் கவுனை வெட்டி இந்த மகளுக்குக் குழந்தைச் சட்டைகள் தைத்தாள். மகளோ ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, கட்டினால் அதே கவுனில்தான் கல்யாணம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

கண்காட்சி முடிந்ததும் உறையைத் திரும்ப வாங்கிப்போக அக்கா மையத்துக்கு வந்தாள். குழு கூடியிருந்தது.

“காலநிர்ணயம் நடந்துட்டிருக்கு” என்றார் தலைவர்.

“எதுக்குங்க? நான்தான் வாங்கினேன். எழுபத்தேழுல. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, வாங்கினவங்க சொல்றதெல்லாம் ஆதாரம் ஆகாது. ஞாபகம் தப்பும். பாசம் குறுக்க வரும். நாங்க விஞ்ஞானபூர்வமா போறோம்.”

விஞ்ஞானம் புறப்பட்டது. குழுவின் ‘சிகை ஆலோசகர்’ படத்துப் பெண்ணின் காதோரச் சுருளை லென்ஸ் வைத்துப் பார்த்து, “ஐம்பத்தெட்டு” என்றார். ‘காலர் வல்லுநர்’ அளந்து பார்த்து, அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். ஜிப் முதுகில் இல்லாமல் இடுப்போரம் இருப்பதும் ஐம்பத்தெட்டை ஆதரித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“அது பழைய டிசைனைத் திரும்ப அச்சடிச்சதுங்க” என்றாள் அக்கா. “கடைக்காரரே சொல்லித்தான் குடுத்தாரு.”

“அவர் நம்ம குழு உறுப்பினரா?” என்று என்னைக் கேட்டார் தலைவர். இல்லை என்று பதிவு செய்துகொண்டேன்.

“தாள்ல என் கையெழுத்து இருக்கு பாருங்க. ‘இடுப்பில் ஒரு விரல் கூட விடவும்’னு.”

எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதினாள். அச்சு அசலாக அதே எழுத்து. குழு கவலையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“அந்தக் கையெழுத்தை நல்லா எழுதிப் பழகியிருக்கீங்க” என்றார் தலைவர் வருத்தத்துடன். “போகட்டும். ஐம்பத்தெட்டுல உங்களுக்கு என்ன வயசு?”

“மூணு.”

“மூணு வயசுக் குழந்தை தன் கல்யாணத்துக்கு பேட்டர்ன் வாங்குமா?”

“வாங்காது.”

“அப்ப இதை வாங்கினது நீங்க இல்ல. நீங்க இல்லேன்னா இது உங்களுதும் இல்ல.”

தேநீர் வந்தது. உறை ‘உரிமையாளர் அறியப்படாத வரலாற்றுச் செல்வம்’ என்று அறிவிக்கப்பட்டது. இப்படியொரு தெளிவான தர்க்கத்தை நான் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

அக்காவின் குரல் இறங்கியது. “சரி, நீங்களே வெச்சுக்கோங்க. இப்படி ஓரமா உக்காந்து ஒரு நகல் மட்டும் வரைஞ்சுக்கறேன். பொண்ணு ஆசைப்படுது.”

“தொட்டா குண்டூசித் துளை பெருசாகும்.”

“அந்தத் துளையைப் போட்டதே நான்தாங்க!”

“அதுதான் இன்னும் நிரூபணம் ஆகலையே.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “டேய், நீ வாயைத் திறயேன்டா. நான் தைக்கறப்போ மிஷினுக்குக் கீழ உக்காந்து காலை வாரிக்கிட்டிருந்தவன் நீதானே?”

இரத்தபாசம் ஆய்வைக் கறைப்படுத்தக் கூடாது என்பது மையத்தின் விதி. அதை வகுத்த துணைக்குழுவில் நானும் இருந்தேன்.

“கமிட்டி முடிவு பண்ணிடுச்சுக்கா.”

“கமிட்டிக்கா நான் சோறு போட்டு வளத்தேன்? உனக்குத்தானேடா போட்டேன்!”

இந்த வாக்கியம் பொருளுக்குத் தொடர்பற்றது என்பதால் பதிவில் சேர்க்கப்படவில்லை.

உறை இப்போது தனி விளக்கின் கீழ் இருக்கிறது. ‘பெயர் தெரியாத தையற்காரி, ஐம்பத்தெட்டு’ என்று கீழே பலகை. பார்க்க வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தலைவருக்கு விருது கிடைத்தது; ஏற்புரையில் அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்துக் கண்கலங்கினார். அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன்.

அக்கா மகள் கல்யாணமும் நடந்தது. வாடகைக் கவுன் போட்டிருந்தாளாம். தோள்பட்டை நழுவிக்கொண்டே இருந்ததாம். கேள்விப்பட்டதுதான். எனக்கு அழைப்பு வரவில்லை.

எங்கள் மையம் ஒரு பொருளை அதன் சொந்தக்காரி கண்ணெதிரிலேயே வரலாறாக்கிக் காட்டியது. மற்ற இடங்களில் இதைத் திருட்டு என்பார்கள்.