அலமாரியைக் காலி செய்தேன், வீடு விற்றது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் அலமாரிகளையும் பரணையும் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் மலைக் கிராமமான அரவேணுவில் பாதிப் பேர் வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். எங்கள் வீடு விற்றால்தான் அப்பா கோயமுத்தூர் போய் வேறு பிழைப்பு பார்க்க முடியும். முன்பு வந்தவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இடம் பத்தாதுங்க" என்று போய்விட்டார்கள்.

"அடைச்சு வெச்சா அப்படித்தான் தெரியும். காலியா இருந்தாத்தான் விசாலம்," என்றேன். பொருளாதாரம் எம்.ஏ. படிக்கிறவள். வாங்குகிறவர் மனசு எனக்குத் தெரியாதா?

அம்மா, "இந்தக் குளுருல காலி அலமாரியப் பார்த்தா என்ன நெனப்பாங்கன்னா…" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, இது மார்க்கெட்டிங். உனக்குப் புரியாது."

கம்பளி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் சுமந்துகொண்டு போனேன்.

"அதுக்கென்ன கண்ணு, எங்க அலமாரி சும்மாதான கெடக்குது. கொண்டா," என்று தானே மடித்து அடுக்கினார். அந்த அன்பை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து கணவனும் மனைவியும் புரோக்கரோடு வந்தார்கள். அந்தம்மா அலமாரியைத் திறந்தார். விசாலத்தைப் பார்க்கவில்லை. தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஈரம் ஏறுதா?"

"இல்லீங்களே."

"அப்பறம் ஏன் காலியா இருக்குது? எங்க ஊட்டுலயும் பூஞ்சை புடிச்ச அலமாரிதான் காலியா கெடக்குது."

விட்டுவிடுவேனா? "காலியா இருக்கிறது ஈரத்துக்கு ஆதாரம் ஆகாதுங்க," என்று வாதாடினேன். எடுபடவில்லை. கடைசியில் உண்மையையே சொன்னேன். "எங்க பொருளெல்லாம் பக்கத்து வீட்டுல இருக்குதுங்க."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தீங்களா? இங்க வெக்க முடியாமத்தான் அங்க கொண்டு போயிருக்காங்க."

புரோக்கர் தொண்டையைக் கனைத்தார். "அந்த ஊடும் விலைக்குத்தானுங்க. நேத்துதான் சொன்னாங்க."

எனக்கு யாரும் சொல்லவில்லை!

மூன்று பேரும் அப்படியே அங்கே போனார்கள். அந்தம்மாவின் குரல் எங்கள் சமையலறை வரை கேட்டது. "அலமாரி எவ்வளவு கொள்ளுது பாருங்க. அவங்க கம்பளிகூட இங்க வந்து எப்படிக் காஞ்சு கெடக்குது!"

அப்பா என்னைப் பார்த்தார். போய் காலி அலமாரியின் கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால் பதிலுக்கு வாதாடியிருக்கலாம், அந்த வாய்ப்பும் போயிற்று.

சாயங்காலம் சரோஜா அக்கா வர்க்கி பொட்டலத்தோடு வந்தார்.

"அட்வான்ஸ் குடுத்துட்டாங்க கண்ணு. உங்க கம்பளிய மட்டும் இப்ப எடுத்துராத. பத்திரம் முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். மறுபடி பார்க்க வருவாங்களாம்."

அம்மா ஒரு வர்க்கியைக் கடித்தபடி, "மார்க்கெட்டிங் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள்.

நீங்கள் யாராவது வீட்டை விற்பதாக இருந்தால் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.