அரை பக்கெட்டும் என் கால் பக்கெட்டும்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். ஆனால் அரை பக்கெட் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த நண்பரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

உலகத்திலேயே தண்ணீரை மாமனாரைப் போல மரியாதையாக நடத்திய ஒரே மனிதர் அவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவன். ஒரே வயது, ஒரே வாடகை ரூம். அகலமான பேசினுக்குள் நின்று அரை பக்கெட்டில் குளிப்பார். பேசினில் சேர்ந்த தண்ணீரில் சட்டையை அலசுவார். அலசிய தண்ணீர் கக்கூசுக்குப் போகும். அதற்குப் பிறகாவது அதை ஓய்வெடுக்க விட்டாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். பிரியாணி வாங்கச் சொந்தத் தூக்குச்சட்டி. சட்டை மொத்தம் இரண்டு.

ரூமில் இருந்த இன்னொருவர் பாஷா பாய். ஒருநாள் அவர் சீண்டினார்.

"யோவ், ஷாப்புல தொட்டி தொட்டியா தண்ணி போவுது. நீ அரை பக்கெட்டு மிச்சம் புடிச்சா பாலாறு ரொம்பிடுமா?"

"அது மொதலாளி தண்ணி பாய். இது என் கையில இருக்கற தண்ணி. என் கைதான் என் பேச்ச கேக்கும்."

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. எனக்கு ஞானம் வந்தால் அளவாக வராது. அவர் அரை என்றால் நான் கால் என்று தீர்மானித்தேன். சோப்பு நுரையைக் கழுவத் தண்ணீர் ஜாஸ்தி ஆகுமே என்று சோப்பையும் நிறுத்தினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ரூமில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தோல் ஷாப்பில் ஆறு மாதம் இருந்தால், மூக்கு முகத்துக்கு அழகுக்குத்தான்.

அப்போதுதான் வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அட்டெண்டர் வேலைக்கு நேரில் கூப்பிட்டார்கள். சுண்ணாம்பு என் விரல்களைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் தொட்டியில் நின்றால் கை உதவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பேச வராது என்று அரை பக்கெட்டும் லீவு போட்டுக் கூட வந்தார்.

பஸ்ஸில் சரியான கூட்டம். முதலில் முன் சீட்டு அம்மா எழுந்து போனார். அப்புறம் பின் சீட்டு. பள்ளிகொண்டா வருவதற்குள் எங்களைச் சுற்றி ஆறு சீட்டு காலி. என் இஸ்திரி சட்டைக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்தேன். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, பச்சைத் தோல் மூட்டை ஏத்தினு வந்தியா? லக்கேஜ் போடணும்!"

அரை பக்கெட் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யோவ், எவ்ளோ தண்ணில குளிக்கற?"

"கால் பக்கெட்டு."

"சோப்பு?"

"உட்டுட்டேன்."

விரிஞ்சிபுரத்தில் அரை பக்கெட் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி என்னை இறக்கினார். வாழைத் தோட்டத்துப் பம்புசெட்டில், தோட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு, என்னைக் குழாயடியில் தள்ளினார். பையிலிருந்த சோப்புத் துண்டால் மாடு தேய்ப்பது போலத் தேய்த்தார்.

"தண்ணி வீணாவுதேய்யா" என்றேன்.

"வாழைக்குதான் போவுது, நில்லு! நான் ஸ்டோர்ல குந்தினு எழுதறவன், எனக்கு அரை போதும். நீ சுண்ணாம்புல நிக்கறவன், ரெண்டு பக்கெட்டு வேணும். அளவ உன் ஒடம்ப கேட்டு வெக்காம, என்ன பாத்தா வெப்ப?"

தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். என் சட்டையைத் துவைத்து ஈரத்தோடு தான் போட்டுக்கொண்டார்.

பேட்டி முடிந்து நான் வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் முதுகைக் கொஞ்சநேரம், மார்பைக் கொஞ்சநேரம் வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணாந்தேதி வரச் சொன்னாங்க."

"பக்கத்துல யாராவது ஒக்காந்தாங்களா?"

"ஒக்காந்தாங்க."

திரும்பும் பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. அவர் என்னை ஒட்டித்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அவருடைய லீவு லெட்டரை ஷாப் ஆபீசில் கொடுத்துவிட்டு நான் தொட்டிக்குப் போனேன்.