அக்ஷயாவும் அரை இட்லியும்

அக்ஷயாவின் வாய்க்குள் இட்லி போய்விட்டது. போனதைக் கமலக்கண்ணன் பார்க்கவில்லை. தன் தட்டில் இருந்த இட்லியில் ஒரு ஓரம் காணாமல் போனதையும், மடியில் இருந்த எட்டு மாத மகளின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்ததையும்தான் பார்த்தான்.

“பாப்பா, துப்பு. நைனாகிட்ட குடுத்துடு.”

விரலை விட்டு எடுக்கப் பார்த்தான். கீழே புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களும் விரலில் இறங்கின. அவன் கையை உதறுவதற்குள் இட்லியை விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குத் திறந்து காட்டினாள்.

அவனுக்குப் பயம் இட்லியிடம் இல்லை, மஞ்சுவிடம். அவன் மனைவி மஞ்சு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எல்லாக் கட்டத்திலும் டிக் விழாத சரக்கை அவள் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. அதே மாதிரி ஒரு பட்டியல் திருப்பதியில் அவர்கள் வாடகை வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டியிருந்தது. குழந்தை பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். தலை ஆடாமல் நிற்க வேண்டும். கொடுப்பதை நாக்கால் வெளியே தள்ளக் கூடாது. இரண்டு விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். தாடையை அசைத்து மெல்ல வேண்டும். முதல் இரண்டுக்குத்தான் டிக் விழுந்திருந்தது. ஐந்தும் விழும்வரை வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி மட்டுமே. டிக் போடும் பேனா மஞ்சுவின் கைப்பையில் இருந்தது.

அக்ஷயா அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்த இன்னொரு துண்டை மசித்துக் கொடுத்தான். நின்றது. கொடுப்பதை நிறுத்தினால் மறுபடி தொடங்கியது. இப்படியே அரை இட்லி தீர்ந்தது. நடுவில் அவளே எட்டி வேர்க்கடலைச் சட்னியில் கைவைத்து நக்கி, மிச்சத்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டாள்.

தடயத்தை அழிக்க வேண்டும். கவுனை மாற்றினான். கன்னத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். இனிமேல் கஞ்சியைத் தொடமாட்டாள் என்று தெரிந்ததால், அதைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்தான். பத்து மணி டீ இடைவேளையில் மஞ்சு வீடியோ காலில் வந்தாள்.

“கஞ்சி குட்ச்சாளா?”

அவன் காலிக் கிண்ணத்தைக் காட்டினான்.

“முழுசாவா? என்கிட்ட பாதிதான் குடிப்பா.”

“நைனா குடுத்தா ஒழுங்கா குடிக்கிறா.”

“அப்போ பசி ஜாஸ்தி ஆயிகீது. பதினோரு மணிக்கு இன்னொரு கிண்ணம் குடுத்து வீடியோ அனுப்புங்க. ஆமா, அவ இன்னா மென்னுகினு கீறா?”

“காத்தைத்தான். பல்லு வருதில்ல.”

“கன்னம் ஏன் அப்பிடி செவந்து கீது?”

கமலக்கண்ணன் திரும்பிப் பார்த்தான். சட்னி பட்ட கன்னம் தக்காளி மாதிரி இருந்தது. வேர்க்கடலை சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது.

“சிக்னல் சரியில்ல மஞ்சு” என்று போனை வைத்தான்.

சட்னி கொஞ்சம் ஒட்டியிருக்குமோ என்று ஈரத் துண்டால் மறுபடி துடைத்தான். சிவப்பு காதுவரை போனது. அதற்குமேல் அவனுக்கு மஞ்சு பயம்கூட மறந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். லீலா மஹால் சர்க்கிளில் யாத்ரீகர் வேன்களுக்கு நடுவே ஆட்டோ நின்ற நேரமெல்லாம் அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். அக்ஷயா டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சிரித்தபடி வந்தாள்.

வழக்கமாகப் போகும் கிளினிக்கில், இட்லியும் சட்னியும் தின்ற கதையை அவன் சொல்லச் சொல்ல டாக்டரம்மா குழந்தையின் வாய், நெஞ்சு, முதுகு எல்லாம் பார்த்தார்.

“ஏமி காலேது. ஒண்ணும் ஆகல. எதால தொடச்சீங்க?”

“துண்டால மேடம்.”

“எவ்ளோ நேரம்?”

அவன் குழந்தையின் கன்னத்தையும் தன் கையையும் பார்த்தான்.

“அலர்ஜி இல்லப்பா. தோல தேச்சு வெச்சிருக்கீங்க.”

மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்ஷயா மருந்துச் சீட்டின் முனையை இரண்டு விரலால் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். டாக்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“உக்கார்றா, கிள்றா, மெல்றா. பாப்பா ரெடி. நீங்க சாப்பிடறதையே உப்பு காரம் சேக்காம, மெத்துன்னு மசிச்சுக் குடுங்க. சாப்பிடறப்போ பக்கத்துலயே இருங்க.”

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. போன் அடித்தது. ‘கஞ்சி வீடியோ எங்க?’ என்று மஞ்சுவின் செய்தி.

கவுன்ட்டரில் நர்ஸ் கோதை குழந்தையின் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“சிஸ்டர், ஒரு உதவி. பாப்பா இட்லி துன்னது எங்க ஊட்ல தெரிய வேணாம். அவ ஆசையா லிஸ்ட் போட்டு ஒட்டி வெச்சிகீறா. நான் முந்திகினேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா.”

கோதை ஃபைலை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் ஏங்கண்ணா சொல்லப் போறேன்? திங்கக்கெழம அக்கா பாப்பாவ தூக்கினு வந்து, ‘பொங்கல் துன்னுட்டா, அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு கெஞ்சினாங்க. அத இதுவரைக்கும் நான் யார்கிட்டயாவது சொன்னேனா?”