முள்ளம்பன்றியின் நாவலுக்கு எந்த அலமாரி?

ஒரு காட்டில், அதுவும் நூலகம் வரைக்கும் முன்னேறிவிட்ட ஒரு காட்டில், கூர்மதி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். நாவலாசிரியை. பதினோரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 'மேல்துறை' என்ற நாவலை எழுதி முடித்திருந்தாள்.

அந்தக் காட்டு ஆற்றில் மேல்துறைத் தண்ணீர் புலிகளுக்கு மட்டும்தான். அவை குளித்த அழுக்கைத்தான் கீழ்த்துறையில் மான்கள் குடிக்க வேண்டும். நாவலில், இதை எதிர்த்துச் செத்த ஒரு மான் ஆவியாகி, விண்கலம் ஏறி வந்து நியாயம் கேட்கிறது. அநியாயம் நிஜம், ஆவியும் விண்கலமும் கூர்மதியின் கைச்சரக்கு. மான்கள் இதைப் படித்துக் கொதித்தெழ வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே ஆசை. புத்தகம் வாங்க மான்களுக்கு ஏது வழி? நூலகத்துக்கு வந்தால்தான் உண்டு. நாவலை அங்கே சேர்க்க விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

வரிசையில் நாலு மணி நேரம் நின்றாள். முள்ளுக்குப் பயந்து பின்னால் யாரும் இடிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

நூலக அலுவலர் ஆமையார் படிவத்தைத் தள்ளினார். "பேய், விஞ்ஞானம், சமூகம், இலக்கியம். ஒண்ணுல மட்டும் டிக் பண்ணுங்க மேடம்."

"நாலும் இருக்கே சார்."

"ஒரு புத்தகத்தை நாலு அலமாரியில எப்படி வைக்கிறது?"

"அப்ப சமூகம்."

"சமூகத்துல விண்கலம் வராது."

"விஞ்ஞானம்?"

"அங்க ஆவியைச் சேர்க்க மாட்டாங்க. பேய்ல விண்கலத்தைச் சேர்க்க மாட்டாங்க."

"இலக்கியம்?"

"படிச்சா புரியுதே மேடம்."

கூர்மதிக்கு அழுகை முட்டியது. ஆமையாருக்கும் மனசு கேட்கவில்லை. புரட்டிக்கொண்டே போனவர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார். அங்கே செத்த மானின் தாய், பிள்ளை போன துக்கத்தோடு ஒரு காளான் குழம்பு வைக்கிறாள்.

"சமையல் அலமாரி காலியா இருக்கு. போட்டுரவா?"

வேறு வழியில்லை. கூர்மதி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

ஆறே மாதத்தில் அட்டை பிய்ந்துபோகும் அளவுக்குப் புத்தகம் ஓடியது. ஒரு நாள் சௌபாக்கியம் என்ற மான் அவளைத் தேடி வந்தாள்.

"பூரா படிச்சேம்மா. எங்க தண்ணிக் கஷ்டத்தை அப்படியே எழுதியிருக்க. படிச்சு முடிச்ச அன்னைக்கே மேல்துறைக்குப் போராடப் போகணும்னு எல்லாரும் கூடிட்டோம்."

கூர்மதி கண் கலங்கிவிட்டாள். "அப்புறம்?"

"குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு நீ போடலையே. ஒரு ஸ்பூனா ரெண்டு ஸ்பூனான்னு பேச்சு வந்து, இப்ப ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கோம்."

நீதி: நாவலில் ஆவி இருக்கலாம், விண்கலம் இருக்கலாம், புரட்சிகூட இருக்கலாம், உப்பின் அளவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.