பன்னிரண்டு மீன்களின் சாட்சியம்

தொழிலும் இயற்கையும் அண்ணன் தம்பியாய்த் தோளில் கை போட்டு நிற்கும் இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது சாயப்பட்டறையின் பின்பக்கம், கக்கூஸுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருக்கும் சிமெண்டுத் தொட்டி. ஆறு குடம் பிடிக்கும். மேலே ஒரு போர்டு: ‘பசுமைச் சமநிலை மையம்’.

மையத்தின் முழுப் பொறுப்பும் தொட்டிக்காரர் கையில். பட்டறையில் ஒன்பது வருஷமாய்த் தற்காலிகம். தற்காலிகமாகவே முதுகு கூனி, தற்காலிகமாகவே இரண்டு பிள்ளை பெற்று, தற்காலிகமாகவே கண்ணாடி போட்டவர்.

பட்டறை வளர வளர, அடுத்த தெருவில் குழாய் அடித்தால் ஒரு நாள் நீலம் வந்தது, ஒரு நாள் சிவப்பு வந்தது. உள்ளே எந்த நிறத்துக்கு ஆர்டர் ஓடுகிறது என்று தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு ஒளிவுமறைவில்லாத நிர்வாகத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. தெருக்காரர்களுக்கு அந்த அருமை தெரியவில்லை, மனுக் கொடுத்துவிட்டார்கள். மேலிடம் தீர விசாரித்து உத்தரவு போட்டது. பட்டறை வாரம் இரண்டு தடவை தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் அனுப்ப வேண்டும். பட்டறையில் சுத்திகரித்த தண்ணீரில் பன்னிரண்டு மீன்கள் முப்பது நாள் உயிரோடு இருந்து காட்டினால், லாரியை நிறுத்திக்கொள்ளலாம்.

தொட்டிக்காரர் வீடும் அதே தெருதான். உத்தரவின் முதல் பாதி அவருக்குத் தெரியும், வாரம் இரண்டு தடவை டிரம்மில் பிடித்து வைக்கிறாரே. இரண்டாம் பாதியை மேனேஜர் அவரிடம் சொல்லவில்லை. படிக்காதவரைக் குழப்பக் கூடாது என்ற கருணைதான். சொன்னது இவ்வளவே:

“மீன் முப்பது நாள் தாக்குப் பிடிச்சா நீ பெர்மனென்ட். செத்துப் போச்சுன்னா நீயும் அதுங்க பின்னாடியே கிளம்பிடு.”

முதல் பன்னிரண்டும் காலை டீக்கு முன்பே மல்லாந்துவிட்டன. தொழில் வளர்ச்சி பற்றி அவற்றுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை. இரண்டாவது பன்னிரண்டு டீ வரைக்கும் இருந்தது. அதை ‘முன்னேற்றம்’ என்று மேனேஜர் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அன்றைக்கு யோசனை நடந்தது. மனைவி டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“நம்ம தண்ணிய ஊத்துங்க. ஒரு மாசம்தானே. பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கலாம்.”

மறுநாள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளில் மூன்று நடை அடித்து, ஆறு குடம் லாரித் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் தினம் இரண்டு குடம் மாற்றினார். பிள்ளைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தார்கள். மீன்கள் கொழுத்தன. ஒன்றுக்கு மேனேஜரின் முகஜாடைகூட வந்துவிட்டது.

முப்பதாம் நாள் ‘சமநிலைக் கருத்தரங்கு’. ஏசி அறை, நீள மேசை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். தெரு சார்பில் யாரையும் கூப்பிடவில்லை. தொட்டிக்காரர் அந்தத் தெருவில் குடியிருப்பதால் பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டதாக எழுதிக்கொண்டார்கள்.

முதலாளி உருக்கமாகப் பேசினார்.

“நான் சட்டத்துக்கு விரோதி இல்லைங்க. சட்டம் கண்டிப்பா வேணும். ஆனா அது வளர்ச்சிக்கு எடம் விட்டு, கொஞ்சம் தள்ளி உக்காரணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தொட்டிக்காரரும் தட்டினார், பெர்மனென்ட் ஆகப் போகிறவர் தட்டாமல் இருக்க முடியுமா? மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி போய்த் தொட்டியைப் பார்த்தார். மீன்களை இரண்டு தடவை எண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்து உத்தரவை வாசித்தார். தண்ணீர் சுத்தம் என்று நிரூபணமாகிவிட்டதால் நாளை முதல் தெருவுக்கு லாரி வராது.

தொட்டிக்காரருக்குத் தட்டப் போன கை பாதியில் நின்றது. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பாட்டிலைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் முதல் தடவையாகத் தொட்டிக்காரர் வாய் திறந்தார்.

“ஐயா, அது பட்டறைத் தண்ணி இல்லீங்க. லாரித் தண்ணி. நான்தான் வீட்டுலேர்ந்து கொண்டாந்து ஊத்தினேன். அதை நிறுத்தினா மீன் செத்துடும்.”

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார், உத்தரவைத் திரும்பவும் படித்தார்.

“மீன் சாகக் கூடாதே. உத்தரவுலயே போட்டிருக்கே.”

“சாக விடுவோமா?” என்றார் முதலாளி.

தொட்டிக்காரர் தெருவைப் பற்றியும் கேட்டார். அதிகாரி நிதானமாக விளக்கினார். மீன் உயிரோடு இருப்பதால் தெருவுக்கு லாரி தேவையில்லை. லாரி இல்லாவிட்டால் மீன் உயிரோடு இருக்காது. ஆகவே லாரி தொட்டிக்கு வர வேண்டும். இதைவிடப் பொருத்தமான சமநிலையை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. உண்மையை மறைக்காமல் சொன்ன தொட்டிக்காரரை அந்த இடத்திலேயே பெர்மனென்ட் ஆக்கி, கையில் கடிதமும் கொடுத்தார்கள். தொட்டித் தண்ணீரை யாரும் குடத்தில் மொண்டு போகாமல் காப்பது அவருடைய முதல் கடமை என்று அதில் இருந்தது.

வீட்டில் மனைவி கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தாள். டிரம்மை ஒருக்களித்து, அடியில் கிடந்த தண்ணீரைச் சொம்பில் சரித்துச் சின்னவனுக்குக் கொடுத்தாள். அப்புறம் கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

“அந்தத் தொட்டியில இன்னும் ஆள் எடுக்கறாங்களான்னு நாளைக்குக் கேட்டுட்டு வாங்க. நம்ம பிள்ளைங்க ரெண்டையும் மீனாச் சேர்த்து விட்டுடலாம்.”