மெயின் சுவிட்சில் ஒரு குரங்கு

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் ஊர் அலுவிகாரையில் கரண்ட் போகும் என்று முடிவு செய்தேன். அலுவிகாரை முழுவதும் அல்ல. எங்கள் வீட்டில் மட்டும்.

காரணம், என் மனைவி டொறீனின் கிரைண்டர். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, நான் கண்ணை மூடும் நேரம் பார்த்து அவள் வறுத்த கறித்தூள் அரைக்க ஆரம்பிப்பாள். மாத்தளை டவுனில் பாதிப் பேர் அவள் தூளில்தான் கறி வைக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் செத்தவன்கூட எழுந்து, "மூன்றாம் நாள் ஆகிவிட்டதா?" என்று கேட்பான். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் வேறு என்ன கேட்கிறான்? கொஞ்சம் தூக்கம்.

ஒரு ஞாயிறு நாடு முழுக்கக் கரண்ட் போனது. எங்கோ ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்ததாம். மொத்தத் தீவும் அணைந்தது. கிரைண்டரும் நின்றது. தொட்டில் காலத்துக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை.

ஆகவே அதற்கடுத்த ஞாயிறு மெயின் சுவிட்சைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினேன். இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? நெடுநேரம் யோசித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது நாட்டுப்பற்று என்று எனக்கு நானே தீர்ப்பளித்துவிட்டுப் படுத்தேன்.

"என்னங்க, கரண்ட் போயிருச்சு!"

"நாட்டோட லைன் அப்படி, டொறீன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொங்குது. ஒரு மூலைல கை வச்சா எல்லா மூலையும் போயிரும்."

"அன்னைக்கு மாதிரி குரங்கா?"

"இருக்கலாம்."

"ஒத்தக் குரங்கு முழு வீட்டையும் இருட்டாக்கிருமா?"

"முழு நாட்டையும்" என்று திருத்தினேன்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு றிஸ்லாவின் குரல். "டொறீனக்கா, எங்கட ஊட்ல கரண்ட் ஈக்கே! ஃபேன் ஓடுதே!"

எனக்கு வியர்த்தது. "அவங்க வேற லைன்" என்றேன்.

"வேற லைனாம், றிஸ்லா!"

என்னை இப்படி நம்புகிறாளே என்று மனசு உறுத்தியது. கொஞ்சம்தான்.

டொறீன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "பின்னேரம் ஆளுங்க தூள் வாங்க வந்துருவாங்க. எனக்குத் தோள்பட்டை வலி. எழும்புங்க. உரலைக் கழுவி வச்சிருக்கேன்."

"கரண்ட் வந்துரும், கொஞ்சம் பொறு..."

"நாட்டோட லைன் அப்படின்னு நீங்கதானே சொன்னீங்க?"

இடித்தேன். மல்லி, மிளகு, சீரகம், கறுவா. தும்மினேன். தும்மிக்கொண்டே இடித்தேன். நைசாகப் போய் சுவிட்சைத் தூக்கிவிடலாம் என்று பார்த்தால், அவள் அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டுத் தூள் சலித்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிப்போனவர்கள் அந்த வாரமே திரும்பி வந்தார்கள். கையால் இடித்த தூள்! வாசமே வேறாம்!

"வர்ற ஞாயிறும் கரண்ட் போகுமாங்க?" என்றாள் டொறீன்.

"போகாது. போகவே போகாது. எல்லாம் ரிப்பேர் பண்ணிட்டாங்களாம்."

அடுத்த ஞாயிறு நான் சுவிட்ச் பக்கமே போகவில்லை. கிரைண்டர் அலறட்டும் என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தேன். வியர்த்தது. அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. பஞ்சை எடுத்தேன். வீடே அமைதி.

கதவருகே டொறீன். கையில் உலக்கை.

"மாதாவே சத்தியமா இன்னைக்கு நான் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்ங்க" என்றாள். "இன்னைக்கு நான்."